சேலத்து வெயிலில் ஓடிய ஷட்டர்: பழைய கேனனெட் கேமரா ஒன்றை வாங்கிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரிய கேமரா, ஜப்பானின் கேனன் நிறுவனம் 1972இல் வெளியிட்ட கேனனெட் கியூஎல்17 ஜி3 என்னும் ரேஞ்ச்ஃபைண்டர் வகைப் பிலிம் கேமரா. விற்க முன்வந்தவர்கள் ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தினர். வாங்க விரும்பியவர் சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியர். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த அந்தக் கேமரா, அந்த வீட்டின் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் எடுத்து முடித்த பிறகு, பல ஆண்டுகளாகத் தோல் உறைக்குள் மர அலமாரியிலேயே இருந்திருக்கிறது. கேட்ட விலை 14,000 ரூபாய். பழுது ஏதும் இல்லை என்று சொல்லித்தான் விலை கேட்டார்கள். அதை நம்பித்தான் சொன்னார்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வாங்குபவர் முதலில் மனத்தில் வைத்திருந்தது யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என். நம் ஊர்களில் பழைய வீடுகளில் அடிக்கடி கிடைப்பதும் அதுதான். அதன் 45 மில்லிமீட்டர் லென்ஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் ஷட்டர் மின்னணுச் சுற்றால் இயங்குவது. மின்கலம் இல்லாவிட்டால் 1/500 நொடி என்ற ஒரே வேகம்தான் அதில் கிடைக்கும். உள்ளே ஒரு சிறிய ரப்பர் திண்டு கரைந்துபோனால் எக்ஸ்போஷர், அதாவது பிலிமில் விழும் ஒளியின் அளவு, முழுவதும் குழம்பிவிடும். கேனனெட்டின் ஷட்டரோ முழுக்க இயந்திர வகை. 1/4 நொடி முதல் 1/500 நொடி வரை எல்லா வேகங்களும் மின்கலம் இல்லாமலே ஓடும்; வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் மட்டும் ஓடாது. சர்வீஸ் தேவைப்படலாம் என்று தெரிந்தே வாங்கும்போது, சுத்தம் செய்தால் திரும்பிவரும் பழுதுகள் உள்ள கேமராவைத் தேர்வதே அறிவுடைமை என்று சொன்னேன்; அவரும் ஏற்றார்.

சேலத்தில் முதல் பார்வை

பிப்ரவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், தோட்டக்காரர் வீட்டு இளைஞர் ஒருவர் பைக்கின் பெட்டியில் கேமராவை வைத்து மலையிறங்கி வந்தார். கையில் வாங்கியபோதே அதன் உடல் சுட்டது. அப்போது அதைக் குறித்துக்கொண்டேனே தவிர, அதன் பொருள் சற்று நேரம் கழித்துத்தான் தெளிந்தது.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைச் சோதிப்பவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, அதன் வ்யூஃபைண்டரில் தெரிவது லென்ஸ் காணும் காட்சி அன்று என்பதை. லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் மங்கியிருந்தால் கண்ணிலேயே மங்கல் தெரியும். இதில் காட்சி தனி ஜன்னல் வழியே வருகிறது. பக்கத்தில் உள்ள இன்னொரு சிறு ஜன்னலில் நுழையும் ஒளி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, அந்தக் காட்சியின் நடுவில் இரண்டாவது பிம்பமாக விழுகிறது. லென்ஸை முன்பின் நகர்த்தினால் அந்தப் பிம்பம் இடவலமாக நகரும். இரண்டு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடமே குவியம். ஆகவே லென்ஸ் முழுதும் பூஞ்சை பிடித்திருந்தாலும், ஷட்டர் திறக்கவே இல்லை என்றாலும், வ்யூஃபைண்டர் பளிச்சென்றுதான் இருக்கும். வீட்டில் கேமராவை எடுத்து ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் பார்த்தது ஜன்னலை மட்டும்.

மொட்டை மாடிக்குப் போனோம். அஸ்தம்பட்டியில் வடக்கே பார்த்து நின்றால் சேர்வராயன் மலைத்தொடர் குறுக்கே நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டரின் முடிவிலி அளவை, அதாவது மிகத் தொலைவான பொருளுக்குரிய நிலையை, சோதிக்க இதைவிட வசதியான இடம் ஊரில் இல்லை. மலைமுகட்டின் கோடு ஏறத்தாழக் கிடையாக ஓடுவதால் மேல்கீழ் விலகலைக் காட்டும். இடவல விலகலைக் காண நெட்டுக்கோடு வேண்டும், அதற்குத் தொலைவில் நிற்கும் கைப்பேசிக் கோபுரம் ஒன்று போதும். லென்ஸை முடிவிலியில் நிறுத்திப் பார்த்ததில், கோபுரம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவது பிம்பம் சற்றே மேலேறியும் இருந்தது. இதை வைத்து லென்ஸின் குவியம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தண்டவாளங்களின்மேல் டிரேசிங் பேப்பர்த் துண்டு ஒன்றை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மூடாத நிலை) திறந்து பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தால் லென்ஸ் உண்மையில் எதைக் குவிக்கிறது என்பது தெரிந்துவிடும். மலையும் கோபுரமும் அந்தத் தாளில் தலைகீழாக, கூர்மையாக விழுந்தன. எனவே லென்ஸ் சரி. விலகியது ரேஞ்ச்ஃபைண்டர் மட்டும். மேல்மூடியைக் கழற்றித் திருகுகளைத் திருத்தினால் தீரும் பழுது அது.

நடுவிலுள்ள பிம்பம் மங்கலாக இருந்தது சற்று யோசிக்க வைத்தது. தூசியும் புகைப்படலமும் காரணம் என்றால் துடைத்தால் போகும். ஒளியைப் பாதி விட்டுப் பாதி திருப்பும் கண்ணாடியின் பூச்சே தேய்ந்திருந்தால் எளிதில் சரியாகாது. காட்சி வரும் முன்பக்க ஜன்னலின் நடுவில் கறுப்பு டேப்பை ஒரு சிறு பொட்டளவு ஒட்டிப் பார்த்ததும் பிம்பம் தெளிவாக எழுந்து நின்றது. எனவே பிம்பத்தின் ஒளி வந்துசேர்கிறது. அதை மங்கச் செய்தது பெரும்பாலும் அழுக்கே என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது ஷட்டர். பின்கதவைத் திறந்தபடியே ஒவ்வொரு வேகத்திலும் அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, நொடிக்கு 240 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், பதியும் கைப்பேசியின் ஸ்லோமோஷனில் எடுத்தோம். கணக்கு எளிது: 1/4 நொடிக்கு 60 சட்டங்களில் வெளிச்சம் தெரிய வேண்டும், 1/8 நொடிக்கு 30, 1/15 நொடிக்கு 16, 1/30 நொடிக்கு 8. அதற்கு மேற்பட்ட வேகங்களை இந்த முறையில் நம்பி அளக்க முடியாது. வந்த எண்ணிக்கைகள் எல்லாம் கணக்குக்கு மிக அருகிலேயே இருந்தன. ஐம்பது ஆண்டு வயதான, தொடாமல் கிடந்த ஷட்டருக்கு இது அதிகமான நற்சான்று. அதுவே என்னை உறுத்தியது. செல்ஃப்டைமரை மட்டும் நான் தொடவில்லை. நாட்பட்ட கேமராக்களில் அது பாதியில் நின்று, ஷட்டரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது உண்டு. அடுத்தவர் பொருளில் அந்தச் சோதனை தேவையற்றது.

ஜன்னல்களைச் சாத்திய அறையில், ஷட்டரை ‘பி’யில் திறந்து, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழு அளவான 1.7க்கு விரித்து, பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்துச் சாய்வாகப் பார்த்தபோது இரண்டு சங்கதிகள் வெளிப்பட்டன. பின்பக்கக் கண்ணாடித் தொகுதியின் ஓரத்தில் மெல்லிய இழைகளாகக் கிளைத்த பூஞ்சை. ஷட்டரை ஒட்டிய உட்பரப்புகளில் ஊதிவிட்ட மூச்சுப்போல ஒரு படலம். மூடுபனியும் மழையும் வீட்டுக்குள் வரும் மலையூரில், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தோல் உறைக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சை இல்லாதிருந்தால்தான் வியப்பு. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சையும், நாட்பட்டால் கண்ணாடியையும் அரிக்கும். ஆனால் இங்கே இழைகள் ஓரத்தோடு நின்றிருந்தன. கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிந்தால் தோன்றும் வானவில் நிற வளையங்கள் எங்கும் இல்லை. அவை இருந்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்திருப்பேன்.

படலம்தான் இந்த நிகழ்வின் திறவுகோல். அது ஷட்டரைப் பார்த்த பரப்புகளில் மட்டும் இருந்தது. அப்படியானால் அது வெளியிலிருந்து வந்த ஈரமன்று, உள்ளே ஆவியாகிப் படிந்த எண்ணெய். குவியத்தைத் திருப்பும் மரைகளில் இட்ட கிரீஸ் பழசாகும்போது அதன் எண்ணெய்ப் பகுதி பிரிந்து கசிந்து ஷட்டரின் இதழ்களுக்கு வந்துசேரும். லீஃப் ஷட்டரின், அதாவது மெல்லிய தகடுகள் விரிந்து மூடும் ஷட்டரின், இதழ்கள் உலர்ந்தே ஓட வேண்டியவை. மெல்லிய சுருள்வில்லின் விசையில் நகர்பவை. இரண்டு இதழ்களுக்கு நடுவே எண்ணெய் புகுந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டும். அந்த எண்ணெய் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். பைக் பெட்டியின் சூட்டில் வந்த கேமராவில் எல்லா வேகங்களும் ஒழுங்காக ஓடியதன் காரணம் இப்போது விளங்கியது. கூடவே இன்னொன்றும் உண்டு: ஒட்டிய இதழ்கள் சிலமுறை அழுத்தியதும் விடுபட்டுவிடும். காட்டுவதற்கு முன் வீட்டில் நாலுமுறை அழுத்திப் பார்த்துக் கொண்டுவருவது மனித இயல்பு. ஆகவே இத்தகைய கேமராவில் மெய்யான சான்று, இரவெல்லாம் சும்மா கிடந்த பிறகு காலையில் அழுத்தும் முதல் அழுத்தல்தான்.

“எல்லா ஸ்பீடும் ஓடுதே, அப்புறம் என்னங்ணா யோசனை?” என்றார் இளைஞர்.

“ஓடுது தம்பி. குளிர்ல ஓடுதான்னு ஒருவாட்டி பாத்துக்கறோம்” என்றேன்.

சிலர் இதற்குக் குறுக்குவழியாகக் கேமராவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். வெளியே எடுத்ததும் கண்ணாடிகளுக்கு இடையே நீர்முத்து கோர்க்கும். பூஞ்சை ஏற்கெனவே குடியிருக்கும் லென்ஸுக்கு அதைச் செய்வது முறையன்று. நமக்கோ இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இயற்கையாகவே குளிர் காத்திருக்கிறது.

ஏற்காட்டில் முதல் அழுத்தல்

கேமராவை உறையிலிருந்து எடுத்து முன்னறை மேசையில் வைத்துவிட்டு, முந்தின மாலைக்குப் பின் யாரும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் விடியலில் போனபோது அந்த அறையின் வெப்பமானி 14 டிகிரி காட்டியது. 1/4 நொடியில் வைத்து முதல் அழுத்தல்: இதழ்கள் திறந்தன, திறந்தபடியே நின்றன. மூச்சை இழுத்து விடும் நேரத்துக்குப் பிறகு சோம்பலாக மூடின. 1/8 நொடியும் அப்படியே. 1/15 நொடி ஏறத்தாழ இரண்டு மடங்காக நீண்டது. 1/60 நொடிக்கு மேல் கண்ணுக்குக் குறை தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது ஆகாது. தொடர்ந்து அழுத்த அழுத்த, சேலத்தில் கண்ட அதே ஒழுங்குக்கு ஷட்டர் திரும்பியது.

“நேத்து சாயங்காலம்கூட நல்லா அடிச்சுதே தம்பி” என்று அந்த வீட்டுப் பெரியம்மா மனம் வருந்திச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான் என்றும், கேமராவில் உடைந்தது எதுவும் இல்லை, அழுக்கு மட்டும்தான் என்றும் விளக்கினேன். விலை பேசும் இடத்தில் பழுதைப் பெரிதாக்கிக் காட்டி விற்பவரைக் குறுகவைப்பது சிலருக்கு வழக்கம். கண்டதைக் கண்டபடி அவர்கள் கண்முன் காட்டினாலே போதும், விலை தானாக நியாயத்துக்கு வரும் என்பது என் அனுபவம்.

மின்கல அறையையும் அப்போதுதான் திறந்தோம். உள்ளே பழைய பாதரச மின்கலம் ஒன்று உப்புப் பூத்துக் கிடந்தது. அதிலிருந்து செல்லும் கம்பி பச்சையேறியிருந்தது. மீட்டர் அசையவில்லை. பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு விரலில் கறுப்புப் பிசினாக ஒட்டியது. இந்த வயதுக் கேமராக்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே, செலவும் அற்பம்.

14,000 ரூபாய் என்பது சர்வீஸ் முடிந்து கைக்கு வரும் கேமராவுக்குத் தரக்கூடிய விலை என்பது என் கணிப்பு. எனவே அதிலிருந்து ஷட்டர், லென்ஸ், ரேஞ்ச்ஃபைண்டர் ஆகிய மூன்றுக்கும் ஆகக்கூடிய சர்வீஸ் செலவைக் கழித்து, மீட்டரை இல்லாததாகவே கருதி, 9,000 ரூபாய் சொல்லச் சொன்னேன். 9,500க்கு முடிந்தது. மின்னணுப் பழுதோ, பிரிந்த கண்ணாடியோ, அரித்த லென்ஸோ இருந்திருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம் என்றிருப்பேன்.

சர்வீஸ்

சேலத்தில் கல்யாண ஸ்டூடியோக்களின் கேமராக்களை நெடுங்காலம் பார்த்துவந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தோம். பிலிம் கேமராவைத் திறக்கத் தெரிந்த கைகள் குறைந்துவரும் காலத்தில், ஒப்படைக்கும் முன் அவர் எதை எதைத் திறப்பார் என்று கேட்டுக்கொள்வது தவறாகாது. இவர் கேட்பதற்கு முன்பே சொன்னார்: “முன்னால கண்ணாடியக் கழட்டி லைட்டர் பெட்ரோல ஊத்தி ஆட்டிவிட்டா இன்னைக்கே ஓடும் சார். மழைக்காலத்துல திரும்ப வருவீங்க.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. கரைப்பானை மேலோட்டமாக ஊற்றினால் எண்ணெய் கரைந்து இதழ்களுக்கு நடுவிலும், குறைந்த வேகங்களைக் கட்டுப்படுத்தும் பற்சக்கரங்களுக்குள்ளும் பரவும். கரைப்பான் ஆவியானதும் எண்ணெய் அங்கேயே தங்கிவிடும். நிலையான வேலை என்பது ஷட்டர் தொகுதியை வெளியே எடுத்து, இதழ்களைத் துடைத்து, பற்சக்கரத் தொகுதியைத் தனியே கழுவி, குவிய மரையின் பழைய கிரீஸை அகற்றிப் புதியதைச் சிறிதளவே இடுவது. கூடவே உட்கண்ணாடிகளைத் துடைத்து, ரேஞ்ச்ஃபைண்டரை முடிவிலிக்கும் ஒரு மீட்டருக்கும் சேர்த்துச் சரிசெய்து, கதவின் பஞ்சை மாற்றித் தர 4,800 ரூபாய் கேட்டார். மொத்தம் 14,300. முதலில் கேட்ட விலையைவிட 300 ரூபாய் கூடுதல்.

திரும்பி வந்த கேமராவில் படலம் முற்றிலும் போயிருந்தது. பூஞ்சை இருந்த ஓரத்தில் பூச்சில் ஒரு மெல்லிய தடம் மிச்சம். அது படத்தில் தெரியும் இடமன்று. மீண்டும் ஏற்காட்டுக்குக் கொண்டுபோய், இரவு முழுதும் குளிரில் வைத்து, காலையில் முதல் அழுத்தலையே ஸ்லோமோஷனில் எடுத்தார் ஆசிரியர். 1/4 நொடி, ஷட்டர் தயங்காமல் மூடியது.

சோதனைப் பிலிம்

கறுப்பு வெள்ளைப் பிலிம் ஒன்றைச் சோதனைக்கென்றே செலவிடும்படி வற்புறுத்தினேன். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ பிலிம் சுருள் கடைக்குக் கடை கிடைத்த காலமல்ல இது; ஒவ்வொரு சட்டமும் காசு. ஆனால் முக்கியமான நிகழ்ச்சியில் பழுதைக் கண்டுபிடிப்பது அதைவிடச் செலவு.

முதலில், வெயில் மாறாத நேரத்தில் ஒரே சுவரை 1/500 நொடியும் எஃப் 4ம், 1/250 நொடியும் 5.6ம், 1/125 நொடியும் 8ம், 1/60 நொடியும் 11ம், 1/30 நொடியும் 16ம் வைத்து எடுத்தார். எஃப் எண் கூடக் கூட அப்பர்ச்சர் சிறுக்கும் என்பதால், ஐந்து சேர்க்கைகளும் பிலிமுக்குத் தருவது ஒரே அளவு ஒளி; ஷட்டர் சரியாக இருந்தால் ஐந்து நெகட்டிவ்களும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். நான்கு ஒத்திருந்தன, 1/500 நொடியில் எடுத்தது மட்டும் சற்று அடர்ந்திருந்தது, அதாவது அந்த வேகத்தில் ஷட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. பழைய லீஃப் ஷட்டர்களின் உச்ச வேகத்தில் இது வழக்கம். நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் திரும்பத் திறக்க வேண்டாம் என்றேன்.

அடுத்து ரேஞ்ச்ஃபைண்டர். ஒரு மீட்டர் தொலைவில் அளவுகோலைச் சாய்த்து வைத்து, நடு எண்ணில் பொருத்தி, எஃப் 1.7இல் எடுக்க வேண்டும். அந்த அப்பர்ச்சரில், அந்தத் தொலைவில், 40 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். ரேஞ்ச்ஃபைண்டர் சிறிது விலகினாலும் கூர்மை அளவுகோலில் வேறிடத்துக்குப் போய்விடும். போகவில்லை. கடைசியாகப் பிலிம் உள்ளே இருக்கும்போதே கேமராவை எல்லாப் பக்கமும் திருப்பி வெயிலில் சற்று நேரம் வைத்ததில், ஒளி கசிந்த கறுப்புக் கோடு எந்த நெகட்டிவிலும் இல்லை.

மீட்டரை இப்போதைக்குச் சரிசெய்யவில்லை. கம்பியை மாற்றுவது கடினமன்று, மின்கலம்தான் சிக்கல். இந்தக் கேமரா 1.35 வோல்ட் தரும் பாதரச மின்கலத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அது இப்போது உற்பத்தியில் இல்லை. அதே அளவிலான 1.5 வோல்ட் அல்கலைன் மின்கலத்தைப் போட்டால், மீட்டர் உள்ளதைவிடக் கூடுதல் வெளிச்சம் இருப்பதாக எண்ணி, படத்தை இருட்டாக்கும். காதுக்கருவிக் கடைகளில் கிடைக்கும் 675 எண் ஜிங்க்‑ஏர் மின்கலம் 1.4 வோல்ட் தருவதால் அதற்கு மிக நெருக்கம். விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் தேவை, முத்திரையைக் கிழித்த பின் சில மாதங்களே உழைக்கும். ஆசிரியர் இப்போது 100 ஏஎஸ்ஏ ஒளியுணர்வுள்ள பிலிமை நல்ல வெயிலில் 1/125 நொடிக்கும் எஃப் 16க்கும் வைத்து, மூடுபனியில் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒவ்வொன்றும் ஒளியை இரட்டிக்கும் படி) திறந்து, மனக்கணக்கிலேயே எடுக்கிறார். மீட்டர் வேலை செய்தால், அப்பர்ச்சரைக் கேமராவே தேரும் ‘ஏ’ நிலையில் வைத்து எடுக்கலாம். ஆனால் வெளிச்சம் போதாதபோது அந்த நிலையில் ஷட்டர் பொத்தான் பூட்டிக்கொள்ளும் என்பதால், காபிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் நிழல் அடர்ந்த தோட்டங்களில் அது அவருக்கு இடைஞ்சலாகவே முடியும் என்பது என் எண்ணம்.

தோல் உறையைக் கேமராவோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேமரா இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. மணிகளின் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து ஈரம் போக்கித் திரும்பப் போட வேண்டும். ஷட்டரை ஏற்றியபடி விடாமல், மாதத்தில் சிலமுறையாவது எல்லா வேகங்களிலும் ஓட்டி வைக்க வேண்டும். வரும் டிசம்பரில் மலைக்குப் போகும்போது முதல் அழுத்தலை மறுபடியும் 1/4 நொடியில் படம்பிடித்து, பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்வதாக ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.